நாறியது உன் போர்வை இல்லை

பவுலினா,

நீ ஊற்றுக்குப் போயிருக்கும்போதே கிளம்புகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

ஞானஸ்நான விருந்தில், நகரத்திலிருந்து வந்த அண்ணி மூக்கைச் சுளித்ததும், "உன் போர்வைதான் நாறுது, கழட்டி வை" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ கழற்றி வைத்தாய். சாயங்காலம்வரை ஒற்றைச் சட்டையோடு பனிக்காற்றில் உட்கார்ந்திருந்தாய். "குளிரலையா?" என்று அண்ணி கேட்டதற்கு, "பழகிருச்சு" என்றாய்.

உன் அல்பாக்கா ரோமப் போர்வையை மூன்று நாள் நிழலில் காற்றாட விரித்து வைத்தேன். சோப்பும் போடவில்லை, வெந்நீரும் காட்டவில்லை. காலையில் முகர்ந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. ஆனால் துணிப்பெட்டியைத் திறந்தால் அதே நாற்றம்.

நாறியது என் கம்பளி மேலங்கி, அந்தப் போன்ச்சோ. மழையில் நனைந்ததை "காய வெச்சு மடிங்க" என்று நீ சொல்லியும் ஈரத்தோடு திணித்தவன் நான். விருந்தில் அதைத்தான் மாட்டிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அண்ணி வருகிறாள். உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் இருக்கிறது, உப்பு மட்டும் பார். போர்வையைப் போர்த்திக்கொண்டே பரிமாறு. நாறியது எது என்று நீ சொல்ல வேண்டாம். அவள் கிளம்புவதற்குள் வந்து நானே சொல்கிறேன்.

மக்காரியோ

பெட்டியைத் துடைத்துக் காட்டுப் புதினா போட்டிருக்கிறேன், பூச்சி அண்டாது.

இன்னொன்று. போன்ச்சோ மதில்மேல் காய்கிறது. ஒற்றைச் சட்டையோடுதான் மந்தைக்குப் போகிறேன். அதை எடுத்துக்கொண்டு என் பின்னால் ஓடி வராதே.