நாற்பத்தாறு டிகிரிக்கு எந்த இரை

டிசம்பர் 2, சனி

துறையில் தண்ணீர் 53 டிகிரி ஃபாரன்ஹீட். காலை ஏழு மணி, நெல்டாவின் இரைக்கடைக்கு நேர் எதிர்த் தூண், மூன்றடி ஆழம், எல்லாம் வழக்கம்போல். பிளாஸ்டிக் பொய்மீனைக் கட்டினேன். ஒரு சுண்டு, பிறகு பதினைந்து எண்ணும்வரை அசைக்காமல் விடுதல். இரண்டு பாஸ் மீன்கள். இரண்டும் சிறியவை, விட்டுவிட்டேன். பதினைந்து போதாதோ? இருபது எண்ணியிருக்க வேண்டுமோ?

டிசம்பர் 5, செவ்வாய்

மீன்பிடி கிளப் கூட்டம். பிஸ்கட், கிரேவி, இரண்டாவது காப்பி எல்லாம் முடிந்த பிறகு டென்சில் ரோர்க் எழுந்தான். கிளப் தலைவனாகப் பேசும்போது பெல்ட்டைப் பிடித்துக்கொள்வான். என் வேதியியல் வகுப்பில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கும்போதும் அப்படித்தான்.

புதிய விதி கொண்டுவந்தான். எழுபத்தைந்து வயது தாண்டியவர்கள் குளிர்காலப் போட்டிகளில் படகின் முன்னிருக்கையில் உட்காரக் கூடாது. கிளப்பில் எழுபத்தைந்து தாண்டியவன் ஒருவன்தான். எல்லோரும் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

"சார், போன மாசம் படகு இறக்குற சரிவுல வழுக்கி இடுப்பு வரைக்கும் தண்ணிக்குள்ள போனீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"முழங்கால் வரைக்கும்," என்றேன். எப்போதும் அதோடு நிறுத்தியிருப்பேன்.

முன்னால் இருப்பவன்தான் படகை ஓட்டுகிறான். எங்கே போவது, எந்தப் பாறையில் முதலில் வீசுவது, எல்லாம் அவன் முடிவு. பின்னால் இருப்பவனுக்குக் கிடைப்பது ஏற்கெனவே கலக்கிய தண்ணீர். குலுக்கலில் இரண்டு படகுக்காரர்கள் ஜோடி சேர்ந்தால் யார் படகு என்று அவர்களே பேசி முடிப்பது இங்கே வழக்கம். பல ஆண்டுகளாக, "உங்க படகுலயே போகலாம்" என்று முந்திக்கொண்டு சொல்பவன் நான். படகில்லாதவர்களோடு சேரும்போது மட்டுமே எனக்கு முன்னிருக்கை. இப்போது அதையும் எடுப்பதா?

"எனக்குச் சம்மதமில்லை," என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

டென்சில் சிரித்தான். "சரி சார். ஜனவரி இருபது. உங்க படகு, உங்க முன்னிருக்கை. எடை போட ஒரே ஒரு மீன் கொண்டாங்க, விதிய நானே கிழிச்சுப் போடுறேன். வெறுங்கையோட வந்தா பின்னாடிதான், காலத்துக்கும்."

"சரி."

டிசம்பர் 6, புதன்

ஏன் சரி என்றேன்? ஜனவரி மூன்றாம் வாரத்தில் பாதிப் படகுகளுக்கு மேல் வெறுமையாகத்தான் திரும்பும்.

டிசம்பர் 7, வியாழன்

மனைவி லொரீனிடம் சொல்லவில்லை. முடி வெட்டும் இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பின்னாடி உக்காந்தா என்ன? அங்கயும் அதே தண்ணிதானே?" என்றாள். விளக்கினேன். காகிதத்தில் படகு வரைந்துகூடக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"முப்பத்துநாலு வருஷம் ஆசிரியர் அறையில எல்லாருக்கும் காப்பி போட்டது யாரு?"

"நான்தான்."

"யாராவது போடச் சொன்னாங்களா?"

"இல்லை."

"அதான் கேட்டேன். போங்க. ஆனா மிதவைச் சட்டை போடாம படகுல ஏறினீங்கன்னு தெரிஞ்சா, டென்சிலுக்கு முன்னாடி நானே உங்களப் பின்னாடி தள்ளுவேன்."

டிசம்பர் 16, சனி

துறை 50. நாள் முழுக்க இறகுப் பூச்சி கட்டினேன். சுண்டு விரல் நகத்தளவு ஈயத் தலை, வாத்து இறகு, கொஞ்சம் பொம்மை முடி. பொடிமீன் குளிரில் விறைத்து மிதப்பதுபோல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதடிக் கோல், மெல்லிய நரம்பு, பூச்சிக்கு ஒன்பதடி மேலே மிதவை. வீசிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அலை ஆட்டினால் போதும். சும்மா இருப்பது என்னால் முடிகிற காரியம்.

பதினெட்டு கட்டினேன். நீலச் சாம்பல் பத்து, வெள்ளை எட்டு. வெள்ளை அதிகமோ?

டிசம்பர் 30, சனி

குலுக்கல். எனக்கு ஜோடி நெல்டா. அறுபது வயது, சொந்தப் படகு இல்லை. கிளப்பில் உயிர் இரைக்குத் தடை, அவள் பிழைப்போ பொடிமீன் விற்பது.

"என் மீனையெல்லாம் தள்ளி வெச்ச கிளப்புக்கு நானே சந்தா கட்டுறேன் வாத்தியாரே. என்னைவிடப் பெரிய முட்டாள் ஒருத்தர் இருக்காருன்னு சீட்டு கண்டுபிடிச்சுக் குடுத்துருச்சு."

அவள் கடைச் சுவரில் என் அட்டவணை நான்கு ஆண்டுகளாகத் தொங்குகிறது. நீலத் தாளில், நானே கோடு போட்டது. 50-க்கு மேல் பொய்மீன். 49 முதல் 44 வரை இறகுப் பூச்சி, மிதவையோடு. 44-க்குக் கீழே அடியாழத்தில் கரண்டி, மீன்போல் மின்னும் உலோகத் தகடு. இருபத்தொரு குளிர்காலத்துக் குறிப்புகளின் சாரம். கீழே யாரோ மிதவைக்குக் கண், மூக்கு வரைந்திருக்கிறார்கள்.

ஜனவரி 9, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

காலையில் தூணருகே வெப்பமானியை இறக்கிக்கொண்டிருந்தேன். நெல்டா குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள்.

"அங்கயா அளக்குறீங்க?"

"எப்பவும் இங்கதான்."

"எப்பவும்னா?"

"இருபத்தொரு வருஷமா."

கூடையைக் கீழே வைத்தாள். சிரித்த சிரிப்பில் ஐஸ் பெட்டி மேல் உட்கார வேண்டியதாயிற்று. "வாத்தியாரே, என் மீன் தொட்டித் தண்ணி அந்தத் தூணுக்கு அடியிலதான் விழுது! ஊத்துத் தண்ணி! ஆடி அசையாம வருஷம் பூரா அம்பத்தேழு டிகிரி!"

மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். பலகைக்கு அடியில் குழாய். பாசி பிடித்து, தூணின் நிறத்திலேயே.

ஏரி நடுவுக்குப் போய் அளந்தேன். 43. தூணில் 48.

ஜனவரி 10, புதன்

ஒரு வேதியியல் ஆசிரியன்! எங்கே அளந்தாய் என்று எழுதாத மாணவனுக்குப் பாதி மதிப்பெண் குறைத்தவன். எங்கே என்று நான் தினமும் எழுதினேன். ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா?

ஜனவரி 11, வியாழன்

கடைக்குப் போய் அட்டவணையைக் கழற்றினேன். டென்சில் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நெல்டா அவனிடம் சொல்லிவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"எடுக்குறீங்களா சார்? புண்ணியமாப் போச்சு. அத நம்பி நாலு குளிர்காலம் கரண்டிய அடியில ஆட்டிக்கிட்டுக் கெடந்தேன், ஒரு மீன் மூக்கக் காட்டல." பிறகு ஆதரவாக என் தோளைத் தட்டினான். "ஜனவரி இருபது வரைக்கும் ஏன் இழுக்கணும்? இப்பவே பின்னாடி வந்துருங்க. என் படகுல சீட்டுக்குச் சூடேத்துற வசதி இருக்கு."

அந்தத் தட்டு. பூனையைத் தட்டுவதுபோல்.

யோசிக்கிறேன் என்றேன். சே! யோசிக்க என்ன இருக்கு அதுல? முடியாதுன்னு சொல்ல வாய் வரலையா?

ஜனவரி 13, சனி

தூக்கம் வராமல் ஐந்து மணிக்கே எழுந்து பழைய நோட்டுகள் இருபத்தொன்றையும் மேசையில் பரப்பினேன். எரிக்கலாமா என்று பார்க்கத்தான்.

மீன்கள் பொய் சொல்லவில்லையே. 46 என்று எழுதிய நாட்களில் இறகுப் பூச்சிக்குத்தான் வந்திருக்கின்றன, ஏழு குளிர்காலத்தில், முப்பத்தொரு முறை. எண் தவறு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே குழாய், அதே தூண், அதே தவறு. ஏரி குளிரக் குளிர என் எண்ணும் இறங்குகிறது, கொஞ்சம் மெதுவாக. வரிசை எங்கும் குலையவில்லை.

அப்படியானால் டென்சில்? அவன் படகில் ஆயிரக்கணக்கான டாலர் திரை இருக்கிறது. அது ஏரியின் உண்மையான வெப்பத்தைக் காட்டும். 42 என்று பார்த்திருப்பான், என் அட்டவணையில் 42-க்குக் கரண்டி, கட்டியிருப்பான். அதே நாளில் நான் தூணில் 47 என்று பார்த்து இறகுப் பூச்சி கட்டியிருப்பேன். சரியான கருவியை வைத்துக்கொண்டு தவறான அட்டவணையைப் படித்திருக்கிறான், பாவம். நான் இரண்டையும் தவறாக வைத்திருந்தேன். அதனால் பிழைத்தேன்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். லொரீன் இரவு உடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "காய்ச்சலா?"

மதியம் அட்டவணையைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினேன். அடியில் சிவப்பு மையில் சேர்த்தேன்: அளக்க வேண்டிய இடம், நெல்டாவின் குழாய்.

"சிரிப்பாங்க," என்றாள் நெல்டா.

"சிரிக்கட்டும்."

ஜனவரி 17, புதன்

சிரித்தார்கள். டென்சில் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினானாம்.

ஜனவரி 19, வெள்ளி

சரிவில் பனி. பயமாக இருக்கிறது. காகிதத்தில் சரியாகத் தெரிவது தண்ணீரிலும் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஜனவரி 20, சனி

பதினான்கு படகுகள். தூணில் 46. ஏரி நடுவே போய் அளந்தால் 41.

நெல்டா கோலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "தூணைக் கேட்டா பூச்சி. ஏரியைக் கேட்டா கரண்டி. எதக் கட்ட?"

"பூச்சி."

"கெட்டுப்போன கடிகாரத்தப் பாத்து பஸ் புடிக்கப் போறோம்."

"இருபத்தொரு வருஷமா அந்த பஸ் வந்திருக்கு," என்றேன்.

மற்றவர்கள் டென்சில் பின்னால் பழைய ஆற்றுப் பள்ளத்துக்குப் போனார்கள், ஆழத்தில் கரண்டி ஆட்ட. நான் மேற்குச் செங்குத்துப் பாறைக்கு விட்டேன். காற்று பாறையில் மோதும் இடம், சிற்றலை மட்டும். பூச்சி ஒன்பதடியில்.

ஏழு முதல் பத்து வரை ஒன்றுமில்லை. கோலின் வளையங்களில் பனி உறைந்தது. தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தோம்.

பத்தரைக்கு டென்சில் இடம் மாற்றிப் போகும் வழியில் எங்கள் பக்கம் வேகத்தைக் குறைத்தான். "சார்! மிதவைய வெச்சு வாத்தா புடிக்கிறீங்க?"

"ஏன், உனக்கு வாத்துகூடக் கிடைக்கலையா?" என்று நெல்டா கத்தினாள். அவன் வேகத்தைக் கூட்டிப் போய்விட்டான். அவனிடமும் ஒன்றுமில்லை போல.

பதினோரு மணிக்கு என் கை கரண்டிப் பெட்டியின் மூடியைத் திறந்தது. உண்மையிலேயே திறந்தது. பளபளவென்று ஆறு கரண்டிகள். ஒரே ஒரு மீன் போதும், அடியில் ஏதாவது ஒரு முட்டாள் மீன் கிடைக்காதா? ஏரி 41 என்கிறதே! இத்தனை பேரும் தவறு, நீ மட்டும் சரியா, எம்மெட்?

நெல்டா பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன்.

மூடினேன். தாழ்ப்பாளும் போட்டேன். மாட்டேன். இந்த எண்களை நான் ஒவ்வொன்றாக, கை விறைத்துப் போய் எழுதினேன். வெறுங்கையோடு போனாலும் என் முடிவோடு போகிறேன்.

பதினொன்றே முக்காலுக்கு மிதவை பக்கவாட்டில் படுத்தது. மூழ்கவில்லை, படுத்தது. அப்படியென்றால் ஈயத்தின் எடையைக் கீழே வேறு யாரோ தாங்குகிறார்கள். கோலை ஓங்கினேன். கோல் வளைந்து அப்படியே நின்றது.

"இழுக்காதீங்க! நரம்பு மெல்லிசு! இழுக்காதீங்க... ஐயோ, பாறைக்குப் போகுது, இழுங்க!" நெல்டா வலையோடு என் முதுகில் மோதினாள். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. எண்ணவில்லை. எதையும் எண்ணாமல் இருந்தது அப்போது மட்டும்தான். பழுப்பு நிறம், பக்கத்தில் வரிகள், சிவந்த கண். நான்கு பவுண்டுக்கு மேல்.

அதன் பிறகு இன்னும் இரண்டு. ஒன்று நெல்டாவுக்கு. அவள் அந்த மீனிடம் கெட்ட வார்த்தை சொல்லி முத்தம் கொடுத்தாள்.

எடை மேடையில் மூன்று மீன், பத்து பவுண்டு இரண்டு அவுன்ஸ். ஒன்பது படகுகள் வெறுமை. நாங்கள் இரண்டாவது. டென்சிலுக்கு ஒன்றுமில்லை.

அவன் தாளில் எடையை எழுதினான். பிறகு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். "நல்லாப் புடிச்சீங்க சார். ஆனா விதி விஷயம்... கமிட்டில ஒரு வார்த்தை பேசிட்டு..."

"பேச ஒண்ணுமில்லை," என்றேன். "ரத்துன்னு எழுது, டென்சில்."

சுற்றி நின்ற பத்துப் பேரில் ஆறு பேர் என் மாணவர்கள். எல்லோரும் ஒரு நொடி நிமிர்ந்து நின்றார்கள். அவன் எழுதினான். தேதியும் போடச் சொன்னேன்.

ஜனவரி 21, ஞாயிறு

தோள் வலி. லொரீன் களிம்பு தேய்த்தாள். அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ? எல்லோர் முன்னாலும்? அவளிடம் கேட்டேன்.

"திரும்பிப் படுங்க," என்றாள்.

பிப்ரவரி 3, சனி

அடுத்த போட்டிக்குக் குலுக்கல். என் பெயருக்குப் பிறகு வந்த சீட்டை எடுத்த நெல்டா வாசிக்காமல் என்னைப் பார்த்தாள். டென்சில் ரோர்க்.

எல்லோருக்கும் வழக்கம் தெரியும். அவன் ஏற்கெனவே சாவியை மேசையில் வைத்துவிட்டான். நான் எப்போதும் சொல்வதைச் சொல்லக் காத்திருந்தான்.

"என் படகு," என்றேன்.

பிப்ரவரி 10, சனி

ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தேன். ஆறேகாலுக்கே டென்சில் சரிவின் அடியில் நின்றிருந்தான், நான்கு கோல்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. எங்கே வைக்கட்டும் சார் என்று கேட்டான்.

பின்னால் என்றேன்.