சாய்மானத்தில் தொங்கிய கை

இன்று காலை ரயில் ஊரிகம் தாண்டியதும், எதிரே இருந்தவர் இருக்கைச் சாய்மானத்தின் மேல் கையைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார். அவ்வளவுதான், நீ நினைவில் வந்துவிட்டாய்!

பெங்களூர் வேலைக்குப் போன அத்தனை வருஷமும் இதே ரயிலில் நீ அப்படித்தானே தூங்கினாய், கும்பகர்ணி. நவம்பரில் ஒருநாள் எழுந்தாய்; வலது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. "இன்னாடி இது, தூக்கவே வரல!" பெட்டியே பக்கவாதம் என்று தீர்ப்பெழுதியது. ஓர் அம்மா ஜெபிக்கவே தொடங்கிவிட்டார். உனக்கோ ஒரே அழுகை: "கிறிஸ்மஸ் ஆராதனைக்கு கீபோர்டு யாருடி வாசிப்பா?"

சாய்மானத்தில் அழுந்தி மேல்கை நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். பத்து நாள் கழித்து நான் வேலை பார்க்கும் நரம்புச் சோதனை அறைக்கே உன்னை அனுப்பினார். முழங்கை அருகே ஷாக் கொடுத்தேன், சுட்டுவிரல் துள்ளியது. நசுங்கிய இடத்துக்கு மேலே, தோளை ஒட்டிக் கொடுத்தால் லேசாகத்தான் அசைந்தது. எனக்கு உயிர் வந்தது. "நரம்பு சாகலடி. நசுங்கின இடத்துல மட்டும் சிக்னல் நிக்குது, திரும்பிடும்."

"உள்ள ஒயரா ஓடுது?"

"ஒயர் இல்ல. நரம்பு செல்லுக்கு வெளிய சோடியம் கூட்டமா நிக்கும், உள்ள பொட்டாசியம். கதவு தொறந்தா சோடியம் உள்ள பாயும், அதான் கரண்ட். அது பக்கத்துக் கதவத் தொறக்கும். அப்புறந்தான் பொட்டாசியம் வெளிய போவும். இப்படியே கடைசி வரைக்கும். நுனியில ஒரு ரசாயனம் கசியும், தசையிலயும் அதே கூத்து நடக்கும், விரல் தூக்கும்."

"எறங்குறவங்கள உடாம மொதல்ல ஏறுற கூட்டமா? பங்காருப்பேட்ட ஸ்டேஷன் ஜனமேதான்!" என்று அழுத கண்ணோடு சிரித்தாய்.

கிறிஸ்மஸ் காலையில் வாசித்தாயே! நடுவில் ஒரு சுரம் பிசகியது. உடனே என்னைத் தேடிக் கண்ணடித்தாய். வெளியே வந்ததும், "சோடியம் லேட்டு" என்றாய்.

போன வருஷம் உன் இதயம் சொல்லாமல் நின்றுவிட்டது. அதுவும் தசைதான், அதற்கும் அதே கதவுகள்தான். எனக்கு இவ்வளவு தெரிந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, போ.

எதிரே இருந்தவரைத் தட்டி எழுப்பினேன்.

"இன்னாம்மா?"

"கைய எறக்கிட்டு தூங்குங்க. சோடியம் ஏறணும்."

பைத்தியமா என்பதுபோல முறைத்தார். ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார்.