இரண்டு வாய்க்கான புல்

மிதவை நிலையம், பாக் நீரிணை
ஐப்பசி 10, காலை 8.10

இதைக் கண்டெடுப்பவர் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நம்புவேல், நிலையக் காவலன். வயது எழுபத்தொன்று. எழுதப் பழகி நான்கு மாதம். கரை வானொலியில் பேசும் ஜெசிந்தா பலகை அனுப்பினாள். கடற்பசுவுக்கு எங்கள் பேரான 'ஆவுளியா' என்று எழுதக் கால் மணி நேரம் ஆனது. எழுதிவிட்டுத் தடவிப் பார்த்தேன். என் எழுத்தேதான்.

நிலவரம். கடல் சூடேறி வேலிக்கு வெளியே கடற்புல் செத்துவிட்டது. வேலிக்குள் மூன்று ஆவுளியா. உலகில் மீதி அவ்வளவுதான். கூனன் ஆண். தழும்பி அவன் மகள். பெருமூக்கி மன்னார்ப் பக்கமிருந்து வந்த வேற்று ரத்தம். புல் இரண்டு வாய்க்குத்தான் காணும். ஒன்றை வெளியேற்ற வேண்டும். வெளியே போவது பட்டினியில் சாகும்.

என்னைக் கேட்டிருந்தால் வெற்றிலை மெல்லும் நேரத்தில் மகள் என்றிருப்பேன். படித்தவர்கள் தோலைச் சுரண்டி, மரபணு பார்த்து, கணிப்பானில் போட்டு, ஆறு மாதம் கழித்து அதையே சொன்னார்கள்: வாலில் மாட்டிய வில்லை எண் இரண்டு. தழும்பி.

ஐப்பசி 14, மாலை 4.00

புயலில் பெண்கள் இருவரின் வில்லைகளும் கழன்று வேலியில் சிக்கின. முனைவர் கீர்த்திவாசன் வந்தார். தண்ணீர் கலங்கலாக இருக்கிறதாம், இறங்கவில்லை. படகில் இருந்தபடி கழியால் மாட்டினார். வரைபடப்படி கிழக்குப் பாத்தியில் மேய்வது எண் இரண்டு, மேற்கே எண் மூன்று. புயல் கிழக்கில் மணலை ஏற்றியதும் தழும்பி மேற்கே போய்விட்டாள், பெருமூக்கி கிழக்கே ஒதுங்கினாள். வரைபடம் நகரவில்லை. இப்போது எண் இரண்டு பெருமூக்கி வாலில். முகம் தெரியாதவர் ரத்தத்தைப் படிக்கிறார்.

மாலை வானொலியில் பேசியது:

"ஐயா, வில்லை மாறிப்போச்சு. தழும்பு அடிவயித்துல இருக்கு. இறங்குனாத் தெரியும்."

"பெரியவரே, மறுபடி சோதிக்க ஒரு மாசம் ஆகும். செவ்வாய்க்கிழமை படகு வருது. தப்புன்னா எழுதிக் கொடுங்க. வாய்ப்பேச்சு கோப்புல ஏறாது." சிரித்தார்.

"அவரு எழுதுவாரு சார். படிக்கத்தான் ஆள் வேணும்." இது ஜெசிந்தா.

ஐப்பசி 16, வெள்ளி, பகல் 1.20

இரண்டு நாளில் பதினோரு வரி எழுதினேன். ஒரு வரி கூட அடித்தல் இல்லை. படம் பிடித்து அனுப்பினேன். கணிப்பானின் பதில்:

"மனு பெறப்பட்டது. பரிசீலனை: அடுத்த வெள்ளி."

பிணத்தை எடுத்த பிறகு வைத்தியர் வருவார். செவ்வாய் வருவது ஆளில்லாப் படகு. வில்லை எண்ணை மட்டும் பார்த்துத் தூக்கும். கீர்த்திவாசன் அதைப் படிக்கவா போகிறார்? வானொலியை அணைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க வேண்டாம்.

ஐப்பசி 19, திங்கள், காலை 11.40

இறங்கினேன். சங்கு குளித்த மூச்சு பாதிதான் மிச்சம். ஒன்பது முறை முங்கினேன். பெருமூக்கி அசையாமல் வாலைக் கொடுத்தாள். இப்போது இரண்டு தழும்பியிடம், மூன்று பெருமூக்கியிடம். உள்ளபடி. மூக்கில் ரத்தம் வருகிறது. பரவாயில்லை. முனைவர்கள் ஆறு மாதத்தில் கெடுத்ததை ஒரு காலையில் சரிசெய்தேன்.

ஐப்பசி 20, செவ்வாய், காலை 7.30

படகு வந்தது. தூக்கியது. படகின் தூக்குத் தொட்டிலில் மூக்கைப் பார்த்தேன்.

பெருமூக்கி.

கத்தினேன். ஆளில்லாப் படகு. வானொலியைப் போட்டேன். கரையில் நேற்றுப் பதிந்து வைத்த ஜெசிந்தாவின் குரல் ஓடியது:

"பெரியய்யா, ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க? சனிக்கிழமையிலேர்ந்து கூப்புடுறேன். சார் உங்க எழுத்தை மூணு தடவை படிச்சாரு. நீங்க சொன்னதுதான் சரின்னு கணிப்பான்ல ரெண்டு எண்ணையும் மாத்திட்டாரு. இனி மூணாம் எண்ணைத்தான் தூக்கும். தண்ணியில எதையும் தொட்டுறாதீங்க."

மூன்று தடவை படித்திருக்கிறார்.

காலை 9.05

கரைக்குச் சொன்னேன். அதற்குள் படகு அவளை ஆழ்கடலில் விட்டு, வில்லையைக் கழற்றிவிட்டது. தேடுகிறார்களாம்.

வேலிக்குள் தகப்பனும் மகளும் மேய்கிறார்கள். புல் போதும்.

மாலை 5.15

கீர்த்திவாசன் பேசினார். சிரிக்கவில்லை. "வில்லையை யாரு தொட்டா பெரியவரே?" என்று மட்டும் கேட்டார்.

வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது. எழுத்து இன்னும் கோணுகிறது. அடுத்த வாரம் எழுதிக் கொடுக்கிறேன்.