ஈரல் விழுது இல்லாத வெள்ளிக்கிழமை

ஆர்ஹுஸ்,
மார்ச், ஞாயிறு

அன்புள்ள தோவே அக்காவுக்கு,

தம்பி பிரெபென் எழுதுவது. நான் நலம். என் தொப்பை என்னைவிட நலம். கிரீன்லாந்தில் பனி இன்னும் உன் ஜன்னல் வரை நிற்கிறதா? உன் கடிதத்துக்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மெரெட்டே ஜெயித்துவிட்டாள்!

உன் தம்பி மனைவி ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் உளறுவேன். இப்போது கற்றுக்கொண்டேன். புற்றுக்கட்டியை அடக்கும் மரபணுவைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் வைத்து ரத்தத்தில் அனுப்புகிறார்கள். நானோ துகள் என்று பெயர். அது கட்டிக்குப் போகவேண்டும். அதுவோ எலியின் உடம்புக்குள் நுழைந்ததும் நேராக ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் மோர்டென் சித்தப்பா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பீர் மேஜையைக் கண்டுபிடிப்பாரே, அந்த மாதிரி.

அங்கே ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் சேர்ந்து ரொட்டி சாப்பிடுவார்கள். அந்த வாரம் யார் சொதப்பினார்களோ அவர்கள் தண்டமாக ஏதாவது கொண்டுவர வேண்டும். மற்ற இடங்களில் கேக். இவர்களிடம், உருண்டை ஈரலுக்குப் போனால் ரொட்டியில் தடவிக்கொள்ள ஈரல் விழுது! மெரெட்டேக்கு அடுப்பு வராது. ஆகவே வருஷக்கணக்காக அறிவியலின் தோல்விகளை அரைத்துச் சுட்டுக் கொடுத்தவன் நான். கசாப்புக்கடை இங்கெர் என் தலையைப் பார்த்ததுமே, "என்ன, இந்த வாரமும் ஊத்திக்கிச்சா?" என்பாள்.

போன வியாழக்கிழமை விழுதை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மெரெட்டே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "நாளைக்கு அது வேண்டாம்" என்றாள். "ஏன், உப்பு கூடிப்போச்சுன்னு எவனாவது சொன்னானா?" என்று சண்டைக்கு நின்றேன். "மக்கு மனுஷா, கட்டிக்குப் போயிடுச்சு!" என்று கத்தினாள்.

உருண்டைக்குப் புது மேலுறை போட்டிருக்கிறாள். கட்டியைச் சுற்றி லேசாகப் புளிப்பு இருக்குமாம். அந்தப் புளிப்பு பட்டால்தான் உறை கழலும். அதுவரை ஈரலின் கையில் அவ்வளவாகச் சிக்காது. எல்லா உருண்டையும் போய்ச் சேரவில்லை. ஆனால் முன்பைவிட எத்தனையோ மடங்கு. எலிகளின் கட்டி சுருங்குகிறது, அக்கா! திரும்பத் திரும்பச் செய்து உறுதியாகும்வரை கள்ளி என்னிடம் மூச்சு விடவில்லை.

நம் ஊரில் பீற்றிக்கொள்வது தப்பு, தெரியும். ஆனாலும் பல் டாக்டரின் கை என் வாய்க்குள் இருந்தபோதுகூட அவரிடம் சொல்லிப் பார்த்தேன். பிறந்தநாளுக்கு ஏற்றுகிற மாதிரி தோட்டத்தில் கொடி ஏற்றினேன். பக்கத்து வீட்டு ஹொல்கெர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "யாருக்குப் பொறந்தநாள்?" என்றான். "ஒரு கொழுப்பு உருண்டைக்கு" என்றேன். "உனக்கா?" என்கிறான், படுபாவி.

இனி உன் கடிதம். புற்றுக்கு இன்னொரு சுற்று மருந்து ஏற்றிக்கொள்ள மாட்டேன், போதும் என்று எழுதியிருக்கிறாய். மெரெட்டேயிடம், "இது தோவேக்கு எப்போ கிடைக்கும்?" என்று கேட்டேன். ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள். "எலிக்கும் மனுஷங்களுக்கும் நடுவுல பல வருஷம் இருக்கு, பிரெபென். பலதும் பாதி வழியிலேயே நின்னுடும்" என்றாள். பிறகு, "நான் நிக்க மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

அக்கா, நீ எதற்காவது நேரத்துக்கு வந்திருக்கிறாயா? என் கல்யாணத்துக்கு சூப் முடிந்தபிறகு வந்தாய். கிறிஸ்துமஸ் வாத்து உனக்காக எத்தனை தடவை ஆறிப்போயிருக்கிறது! அம்மாவை அடக்கம் செய்த அன்று பாதிரியாரையே வாசலில் நிற்க வைத்தாய். அப்போதெல்லாம் திட்டினேன். இப்போது கெஞ்சுகிறேன். அம்மா போன இடத்துக்கும் தாமதமாகவே போ. முடிந்த மட்டும் தாமதமாக. அந்த ஒரு சுற்றை ஏற்றிக்கொள்ள இங்கே வா. விமான நிலையத்தில் நிற்கிறேன். முணுமுணுக்க மாட்டேன்.

எவ்வளவு நேரமானாலும் உனக்காகக் காத்திருக்கும் தம்பி,
பிரெபென்

பி.கு.: அந்த வியாழக்கிழமை விழுது ஃப்ரீசரில் இருக்கிறது. மெரெட்டே இனி அதைத் தொட மாட்டாளாம். நீ வந்துதான் தீர்க்க வேண்டும்.