ஆன்ட்ரே, மீன், 120

அண்ணனுக்கு,

என் வேலையைப் பறித்தது முதலாளி இல்லை. நீ.

வணக்கமெல்லாம் அதற்குப் பிறகு. அம்மா நலம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். உன் புது ஊரில் குளிர் அதிகமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்தது ஒன்று, நீ முதலாளியிடம் சொன்னது வேறொன்று. அதனால் எழுதுகிறேன். நம் ஹோட்டல் மேல்மாடி ஹாலில் ஒரு கம்பெனி விருந்து, நூற்றிருபது பேர். மேற்பார்வை நீ. மீன் அடுப்பு என்னுடையது. காலையில் என் அடுப்புக்கு மேலே நீ ஒட்டிய சீட்டில் ஒரே வரி: ‘ஆன்ட்ரே, மீன், 120.’ ஆன்ட்ரே என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, கடைசிக்கு முந்தைய எழுத்தின் தலையில் போடுகிற சின்னக் கோட்டை மறக்காமல் போட்டிருந்தாய். எத்தனை மணிக்கு என்பதை மறந்துவிட்டாய்.

நான் படித்ததைக் கேட்டுப் பாத்திரம் கழுவுகிற அக்கா, “யாரும்மா இந்த ஆன்ட்ரே, புது சூப்பர்வைசரா?” என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் உன்னிடம் வந்து, இது முதலில் போகிற சின்னத் தட்டா, பின்னால் போகிற பெரிய தட்டா என்று கேட்டேன். கேட்டேனா இல்லையா? கறி அடுப்புக்காரரை வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: “ஆன்ட்ரேன்னா ஆன்ட்ரேதான். இதுகூடத் தெரியாமதான் கத்தி பிடிக்கிறியா?” அவர் பல்லைக் காட்டினார். மறுபடி கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

முன்பு நான் வேலை கற்ற இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பெரிய தட்டு என்றுதான் அர்த்தம். அதனால் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு போட்டு, உருளைக்கிழங்கை மசித்து, எட்டேகாலுக்குத் தயாராகிற மாதிரி வைத்தேன். ஏழரைக்கே பரிமாறுகிறவர்கள் வந்து நின்றார்கள். மீன் பச்சையாகக் கிடந்தது. முக்கால் மணி நேரம் நூற்றிருபது பேர் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் மீனிலேயே வயிறு நிறைந்து, அடுத்து வந்த கறியைத் தொடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

முதலாளி கீழே இறங்கி வந்து சீட்டைப் பிய்த்துப் படித்தார். நீ அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாய். “நான் சரியாத்தான் சார் எழுதியிருக்கேன். இவளுக்குப் பாஷை தெரியாது.”

இவள்.

அடுத்த வாரம் நீ புதுக் கிளைக்கு மேனேஜராகப் போக வேண்டியவன். உன் பெயர் கெடக் கூடாது. என் பெயர் என்ன ஆனால் என்ன?

அன்றிரவே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். பிரெஞ்சுச் சொல்லாம். நுழைவு என்று பொருளாம். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அதற்கு இரண்டு அர்த்தம், ஒன்று இரண்டு என்று எண் போட்டே இருக்கிறது. சில நாடுகளில் முக்கிய உணவுக்கு முன்னால் வருவது. வேறு இடத்தில் முக்கிய உணவே அதுதான். நீ எழுதியதும் சரி, நான் சமைத்ததும் சரி. அப்படியானால் கேட்டவளுக்குப் பதில் சொல்லாதவன்தானே தப்பு?

வீட்டுக்கு வந்து பழைய ஏப்ரனைத் துவைக்கப் போட்டபோது பையில் இன்னொரு சீட்டு கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு முந்தையது. ‘ஆன்ட்ரே, கோழி, பெரிய துண்டு, கடைசியில்.’ அதே கோடு, உன் கையெழுத்து. உனக்கும் தெரியாது அண்ணா. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறாய். ‘முதலில் போவது’ என்று எழுதினால் எங்களுக்குப் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் உன்னை எப்படி சார் என்று கூப்பிடுவோம்?

ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டலில் என் கைப்பக்குவம் பிடித்திருக்கிறது. பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று முதலாளியிடம் விசாரிக்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு தெளிவாக இல்லை, தங்கை கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை என்று முதலாளிக்கு நீ எழுத வேண்டும். சிரமப்பட வேண்டாம். நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
இவள்

* * *

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை போய்விட்டது. அந்த அடுப்புக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசினாயாம். மாத்திரை போட்டாளா, தூங்கினாளா என்றெல்லாம் விசாரித்தாயாம். தங்கச்சி கடிதம் வந்ததா என்று அவள் கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாயாம். அவளும் லைன்தான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் ஆள் எடுக்கிறார்கள். அவர்களும் விசாரிப்பார்கள். அதே மூன்று வரியை மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். இதில் பிரெஞ்சு இல்லை, கோடு இல்லை. நீ நன்றாக இரு. புது அடுப்படியில் யாராவது அர்த்தம் கேட்டால் சிரிக்காதே. முதலில் இதில் கையெழுத்துப் போடு.

தங்கச்சி