ஒரு ‘ஓ’ குறைந்த பெயர்

தளி,
22.7.2007

கோபி மாமாவுக்கு,

கவிப்ரியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உங்கள் நலம் விசாரிக்க வேண்டிய இடம் இது. இப்போது கை வரவில்லை. கடிதம் முடிவதற்குள் வந்தால் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் “ம்” போடுவேன். இந்த விஷயத்துக்கு “ம்” போட எனக்கு இஷ்டமில்லை. மெயில் அனுப்பலாம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மெயில் ஒன்றைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதுவே எனக்குப் போதும்.

எங்கள் ஊர்ப் பூக் குழுவின் கூட்டத்தில்தான் படித்தேன். நம் நிச்சயத்தன்று உங்கள் கழுத்து மாலையைக் கட்டியவர்கள் அவர்கள். முகம் மறந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன். என் அம்மாவும் அதில் ஒருத்தி. நேற்றுவரை யாரோ ஒருவரின் ரோஜா ஷெட்டில் கூலிக்குப் பூ வெட்டியவர்கள், இப்போது தாங்களே கட்டி, பெட்டியில் அடுக்கி, பெங்களூர் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். தலைவி வெங்கடம்மாள் அக்கா. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த காலத்தில் கன்னடக்காரர்கள் அவரை “ஹூவக்கா” என்று கூப்பிடுவார்களாம், பூக்கார அக்கா என்று. அதையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னதே நான்தான். நீங்கள் ஆசையாகக் கேட்டீர்கள். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்றும் கேட்டீர்கள். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். என்னிடம் இதையெல்லாம் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பெங்களூரில் கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்யும் ஒருவர், இவர்கள் பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்துத் தேடி வந்தார். இதே பெயரில் ஒரு வெப்சைட் போட்டுப் படங்களைக் காட்டுங்கள், ஆவணி முகூர்த்தம் முழுக்க உங்களுக்கே தருகிறேன், ஆடி முடிவதற்குள் சொல்லுங்கள் என்றார். அக்கா தேன்கனிக்கோட்டைக்குப் போய் நெட் சென்டரில் கேட்டார். அந்தப் பெயரை ஏற்கெனவே யாரோ பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, அந்தப் பையனே விசாரித்து ஒரு மெயில் அனுப்பி, வந்த பதிலை அச்செடுத்துக் கொடுத்தான். இங்கிலீஷ் படிக்க நான் ஒருத்திதானே? என் கையில் கொடுத்தார்கள்.

“இந்த மதிப்புமிக்க பெயர் தற்போது எங்கள் வசம் உள்ளது” என்று முதல் வரியைத் தமிழில் சொன்னேன். வெங்கடம்மாள் அக்கா, “வசம்னா என்னம்மா? அவங்களும் பூ கட்டறாங்களா?” என்றார். இல்லைக்கா, சும்மா வைத்திருக்கிறார்கள் என்றேன். “சும்மா வச்சிக்கினு என்னா பண்றாங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மாமா. அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வரியில் விலை. தளியில் பூக் கட்டுகிறவர்களிடம் டாலரில் கேட்டிருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த வரியில், மூன்று பெயர்களையும் சேர்த்து வாங்கினால் சலுகை என்று இருந்தது. ஹூவக்கா டாட் இன், ஹூவக்கா டாட் மொபி. மூன்றாவது, இரண்டு ‘ஓ’ போட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு ‘ஓ’ போட்டது.

பெட்டி அச்சடிக்கும் முன் ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் தப்பாக அடித்துப் பார்த்த பெயர் அது. உடனே அழித்துவிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே உங்களிடம் மட்டும் போனில் சொன்னேன். “ஹோவ், அக்கா!ன்னு கூப்பிட்ட மாதிரி இருக்குது கவி, தெருவுல இருக்கற அத்தனை அக்காவும் திரும்பிப் பாப்பாங்க” என்று சிரித்தீர்கள். அந்தத் தப்பு உலகத்திலேயே நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதையும் பதிந்து வைத்து, எதிர்காலத்தில் யாராவது எழுத்துப் பிசகினால் அதிலும் காசு வரட்டும் என்று விலை போட்டிருக்கிறீர்கள். மெயிலின் கீழே ஏதோ கம்பெனிப் பெயர் இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை.

அத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். “நம்ம பேரை அவனுக்கு யாரும்மா குடுத்தது?” என்று அக்கா கேட்டார். அம்மா எழுந்து நின்று, “எவன் பேரை எவன் விக்கிறது? அவன் கை வெளங்குமா, அவன் வூடு வெளங்குமா?” என்று ஆரம்பித்தாள். வேண்டாம்மா என்று அவள் வாயைப் பொத்தினேன். “உனக்கு என்னாடி அவன்மேல அக்கறை?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். டாட் காம் எல்லாம் தீர்ந்துபோயிற்று, புதுசு புதுசாக வருவதில் முந்திப் பிடிக்க வேண்டும், ரோடு வருவதற்கு முன்னால் சூளகிரிப் பக்கம் மனை வாங்கிப் போடுகிற மாதிரி என்பீர்கள். பிடியுங்கள். ரோஜா என்ற சொல்லை வாங்குங்கள், கார், வீடு, தங்கம் என்று வாங்குங்கள். அவை யார் வீட்டுச் சொல்லும் இல்லை. ஆனால் இது காலி மனை இல்லை, மாமா. ஆட்கள் குடியிருக்கிற வீட்டு வாசலில் வெள்ளையடித்த கல்லை நட்டிருக்கிறீர்கள். அந்த வாசலுக்கு வழி காட்டியவள் நான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீஸ் ஸ்டோர்ஸில் யாரும் இல்லாதபோது இன்னொரு பெயரை அடித்துப் பார்த்தேன். நிச்சயத்தன்று எனக்குப் பரிசு என்று நீங்கள் சொன்ன கோபிகவி டாட் இன்ஃபோ. நம் படம் போடுவேன் என்றீர்களே. பக்கம் வந்தது. படம் இல்லை. “இந்தப் பெயர் விற்பனைக்கு” என்று எழுதியிருந்தது. அடியில் அதே கம்பெனி.

என்னவென்று சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் பதிந்த எல்லாப் பெயருக்கும் அந்தப் பக்கம் தானாக விழும், நான் கவனிக்கவில்லை என்பீர்கள். நம்புகிறேன். எனக்குக் கோபமே அந்தத் “தானாக”வின் மேல்தான். எங்கள் குழுவின் பெயரை எடுத்தபோது கொஞ்சமாவது யோசித்திருப்பீர்கள். என் பெயருக்கு அதுகூட இல்லை.

ஹூவக்கா பெயரை வெங்கடம்மாள் அக்கா பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். அதற்கு ஒரு ரகசியக் குறியீடு வேண்டும் என்று நெட் சென்டர் பையன் சொன்னான். அதைக் கொண்டுவந்து நீங்களே அவர் கையில் கொடுக்க வேண்டும், வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். கம்பெனி இல்லை, நான்தான் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அம்மா திட்டுவாள். வாங்கிக்கொள்ளுங்கள். யார் அந்தப் பெயரைக் கொடுத்தது என்பதற்கான பதிலை உங்கள் பக்கத்தில் நின்று நான் சொல்கிறேன். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை, அன்றைக்குத் திறப்பேன். நீங்கள் வராவிட்டாலும் திறப்பேன்.

ஒரு ‘ஓ’ குறைந்ததை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கோபிகவியையும் அப்படியே விட்டுவிடுங்கள். புதுப்பிக்காவிட்டால் வருஷ முடிவில் கைவிட்டுப் போய்விடும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்க ஓசூருக்குப் போகிறார். உங்கள் ஆபீஸ் நண்பர்களுக்காக ஒரு பக்கம் இங்கிலீஷில் வேண்டும் என்று உங்கள் வீட்டிலிருந்து பார்வதி அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். பெண்ணின் பெயருக்கு என்ன எழுத்து என்று அப்பா ஒரு தாளை வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறார். நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நலமாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே ஸ்டாண்டில் நிற்பேன்.

இப்படிக்கு,
இப்போதைக்கு ராமப்பன் மகள்,
கவிப்ரியா