கைக்குத் தெரிந்தது

இன்று காலை பாகூர் பஸ்ஸில் முன்சீட்டில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்தார்கள். அந்த வாசனையோடு நீயும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். பஸ் குமட்டும் என்று தோலை மூக்கருகே பிடித்துக்கொண்டேதானே வருவாய்.

நம் பள்ளியில் நீ மனநல ஆலோசகர், நான் கணக்கு டீச்சர். வில்லியனூரில் ஏறியதும் உன் பேச்சு தொடங்கிவிடும். கண்டக்டர் சில்லறைக்குக் கத்தினால், "வூட்ல வாங்குன திட்டு, இங்க வந்து எறங்குது பாரு" என்பாய். ஒருவர் மேல் காட்ட முடியாத கோபம் வேறொருவர் மேல் பாய்வதற்கு ஒரு பெயரும் சொல்வாய். சிரிப்போம்.

அதே சிரிப்போடுதான் ஒரு நாள் சொன்னாய், இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, ஒன்றுமில்லை என்று. உன் அம்மா அதில்தான் போனார்கள்.

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போலாம், வாடி."

"பயம் உன்னுது. அத எடுத்து என் மேல ஒட்டாத. அதுக்குப் பேரு இன்னா? புரொஜெக்ஷன்."

உன்னிடம் வாதாட எனக்கிருந்த சொற்கள் எல்லாமே நீ கொடுத்தவை. உன் கணவரிடம் சொன்னேன். "படிச்சவ, அவளுக்குத் தெரியாததா?" என்றார். மாதங்கள் போயின. தோள்பையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாய். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதுகு வலி தாங்காமல் நீ விழுந்தபோது அது எலும்புவரை போயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கேட்டுவிட்டேன்: "ஏன்டி மறைச்ச?"

"மறைக்கலடி. தெனம் குளிக்கறப்ப கை தொடும். துண்டு எடுக்கறதுக்குள்ள மறந்துபூடும். மனசு இப்படித்தான் ஏமாத்தும்னு எத்தினி புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்! எனக்கு நடக்கறப்ப தெரியவே இல்லயேடி."

நீ அழவில்லை, வியந்தாய். அந்த வியப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மழைக்காலம் முடியுமுன் மாதா கோயில் கல்லறையில் உன்னை வைத்துவிட்டு வந்தோம்.

போனவர்களை நாம் உள்ளே எடுத்து வைத்துக்கொள்வோம், அவர்கள் பேச்சு நம் வாயில் வரும் என்பாய். உன் நல்ல சொற்கள் வரும் என்று நினைத்திருந்தேன். போன வாரம் என் கணவர், "நீயும் ஒரு தடவ டெஸ்ட் எடுத்துக்கயேன்" என்றார்.

"எனக்கு இன்னா? நல்லாத்தான இருக்கேன்" என்றேன், சிரித்துக்கொண்டே.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அது உன் குரல். டெஸ்டுக்கு நான் இன்னும் போகவில்லை.